ஸ்டிக்கரில் எழுதியிருந்தது: சிறு உழவு இயந்திரங்களும் கிடைக்காத கைநூல்களும்

கோப்பாயில் என் சித்தப்பாவிடம் ஒரு சிறிய நான்கு சக்கர உழவு இயந்திரம் இருக்கிறது. ஜப்பானில் யாரோ ஒரு கமக்காரர் பாவித்துக் கழித்தது. கொள்கலனில் கொழும்புக்கு வந்து, புதிதாக வர்ணம் பூசப்பட்டு, 'ரீகண்டிஷன்' என்ற பட்டத்தோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் உழுதது. நான்காம் வருடம் புரட்டாதியில், மழை பிடிப்பதற்கு முன் நிலத்தைப் பண்படுத்திவிட வேண்டும் என்று ஊரே பறந்துகொண்டிருந்த கிழமையில், முன் அச்சுக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கழற்றிப் பார்த்தபோது, முன் சக்கரங்களுக்கு விசை கொடுக்கும் கூம்புப் பற்சில்லில் நான்கு பற்களைக் காணவில்லை. அவை ஒயிலுக்குள் கிடந்தன.

மெக்கானிக் முன் தண்டைக் கழற்றி வைத்துவிட்டு, பின் சக்கரங்கள் இரண்டால் மட்டும் ஓடும்படி செய்து கொடுத்தார். செம்மண் தோட்டத்துக்கு அது போதும். ஈரம் ஊறிய வயலுக்குப் போதாது. அந்தப் போகம் முழுவதும் வழுக்கி வழுக்கியே முடிந்தது.

பற்சில்லைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் ஒருமுறை, இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள சின்ன நெம்புகோலின் அருகே ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைத் தொலைபேசிக் கமராவில் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். நான்கு வரி ஜப்பானிய எழுத்து. அதன் சாரம் இதுதான்: கடினமான வீதியில் ஓடும்போது முன் சக்கர இயக்கத்தைத் துண்டித்து வையுங்கள். சித்தப்பாவுக்குக் கோப்பாயில் ஒரு துண்டு, நீர்வேலியில் ஒரு துண்டு, இருபாலையில் ஒரு துண்டு என்று நிலம் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றும் சில பரப்புகள்தான். நாள்தோறும் தார் வீதியில்தான் போக்குவரத்து. நெம்புகோல் எப்போதும் போட்டபடியே இருந்தது. "நாலு சில்லும் இழுத்தால் நல்லதுதானே தம்பி" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. பதில் ஸ்டிக்கரில் இருந்தது. அவருக்கு அது வாசிக்க முடியாத மொழியில் இருந்தது.

காரணம் எளிது. இந்தச் சிறு இயந்திரங்களில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் அமைப்பு எதுவும் கிடையாது. இரண்டும் நேரடியாகப் பூட்டப்பட்டவை. அதோடு, முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சிறிதளவு, ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை, கூடுதலாக ஓடும்படிதான் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். இளகிய மண்ணில் அந்த வித்தியாசம் வழுக்கலாகக் கரைந்துபோகும், இழுவையும் கூடும். தார் வீதியில் கரைய இடமில்லை. சுமை முழுவதும் பற்சில்லில் ஏறும். இதற்கு மேல் சித்தப்பா முன் டயர்களையும் மாற்றியிருந்தார். பழைய அளவு கிடைக்கவில்லை, கடைக்காரர் 'கிட்டத்தட்ட இதுதான்' என்று கொடுத்ததைப் போட்டார். அந்தக் 'கிட்டத்தட்ட'வில் நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கு எங்கேயோ போய்விட்டது. எந்த முன் டயருக்கு எந்தப் பின் டயர் பொருந்தும் என்பது கைநூலில் ஒரு சிறிய அட்டவணை. அரைப் பக்கம்கூட வராது.

உலகில் இப்போது 'திருத்தும் உரிமை' என்ற பேச்சு பலமாக இருக்கிறது. அமெரிக்காவில் உழவு இயந்திரம் செய்யும் ஜோன் டியர் நிறுவனத்துக்கும் கமக்காரர்களுக்கும் நடக்கும் இழுபறிதான் அதில் பெரியது. 2021 முதல் பாவனைக்கு வரும் இயந்திரங்களுக்குக் கைநூல்களும் பழுதறியும் கருவிகளும் கொடுப்போம் என்று அங்குள்ள உற்பத்தியாளர்களின் சங்கம் 2018இல் வாக்குறுதி கொடுத்தது. 2023 ஜனவரியில் ஜோன் டியரும் அமெரிக்கப் பண்ணைச் சம்மேளனமும் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் கொலராடோ மாநிலம் சட்டமே கொண்டுவந்தது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் மத்திய வர்த்தக ஆணைக்குழு, இலினோய், மினசோட்டா மாநிலங்களோடு சேர்ந்து ஜோன் டியர் மீது வழக்குத் தொடர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதில் முந்திக்கொண்டது: 2013ஆம் ஆண்டின் 167ஆம் இலக்க ஒழுங்குவிதி, திருத்தும் தகவல்களைச் சுயாதீனக் கராஜ்களுக்கும் கொடுக்கும்படி உழவு இயந்திர உற்பத்தியாளர்களைக் கட்டுப்படுத்துகிறது. இந்தியாவும் 2022 ஜூலையில் குழு ஒன்றை அமைத்து, முதலில் கவனிக்க வேண்டிய நான்கு துறைகளில் ஒன்றாக விவசாயக் கருவிகளைச் சேர்த்தது.

இந்தச் செய்திகளை வாசிக்கும் யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்குச் சிரிப்புத்தான் வரும். அங்கே சண்டை மென்பொருளைப் பற்றியது. உதிரிப்பாகத்தை மாற்றினாலும் கணினி சம்மதிக்காவிட்டால் இயந்திரம் ஓடாது. எங்கள் சிறு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் கணினியே இல்லை. டீசல் பம்ப் இயந்திர முறையில் இயங்குவது. ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் எல்லாம் கழரும். ஆனால் கழற்றிய பிறகு எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு இடைவெளி விடுவது, எந்த ஒயில் ஊற்றுவது என்ற எண்கள் கையில் இல்லை. இங்கே பூட்டு மொழியில் இருக்கிறது, மாதிரி இலக்கத்தில் இருக்கிறது, கொஞ்சம் எங்கள் பழக்கத்திலும் இருக்கிறது.

கைநூல் என்று பொதுவாகச் சொன்னாலும் ஓர் இயந்திரத்துக்கு மூன்று வகைப் புத்தகங்கள் உண்டு. ஓட்டுபவருக்கான புத்தகம் இயந்திரத்தோடு வருவது: ஒயில் அளவு, கிறீஸ் இடங்கள், நெம்புகோல்கள், எச்சரிக்கைகள். உதிரிப்பாகப் பட்டியல் என்பது வெடித்துச் சிதறியது போன்ற படங்களும் பாக இலக்கங்களும் கொண்டது. சில நிறுவனங்கள் இதை இணையத்தில் இலவசமாகவே பார்க்க விடுகின்றன. மூன்றாவதுதான் கராஜுக்கான திருத்தும் கைநூல். தேய்மானத்தின் எல்லை, இறுக்கும் அளவு, பிரித்துப் பூட்டும் ஒழுங்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. முகவர்கள் இறுகப் பிடித்து வைத்திருப்பதும் அதைத்தான். ரீகண்டிஷன் இயந்திரத்தோடு முதலாவதுகூட வருவதில்லை. ஜப்பானியக் கமக்காரர் அதைத் தன் வீட்டு லாச்சியில் விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் விற்றிருப்பார்.

உள்ளூர் முகவரிடம் போனால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்த கதை. நான் போன இடத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். இலக்கத்தட்டின் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நாங்கள் கொண்டுவந்த மாதிரி இல்லை ஐயா, எங்கள் பட்டியலில் வராது" என்றார்கள். அதில் பொய் இல்லை. ஒரே நிறுவனம் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு ஒரு மாதிரியும் வெளிநாட்டுக்கு வேறொரு மாதிரியும் செய்கிறது. வெளிநாட்டு மாதிரிக்கு ஆங்கிலப் புத்தகம் உண்டு. உள்நாட்டு மாதிரிக்கு ஜப்பானிய மொழியில் மட்டும்தான்.

இதே விவகாரம் அமெரிக்காவில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஜப்பானில் பாவித்த குபோட்டா சிறு உழவு இயந்திரங்களை அங்கே சிலர் இறக்கி விற்றார்கள். தன் வர்த்தகச் சின்னத்தை மீறுகிறார்கள் என்று குபோட்டா முறையிட்டது. இயந்திரம் போலியானது அல்ல. அதே நிறுவனம் செய்த அசல். வாதம் வேறு இடத்தில் இருந்தது. எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் ஜப்பானிய மொழியில் இருக்கின்றன, ஆங்கிலக் கைநூல் இல்லை, பாகங்கள் வேறுபடுகின்றன, விற்பனையாளர்களால் திருத்திக் கொடுக்க முடியவில்லை. ஆகவே வாங்குபவரைப் பொறுத்தவரை இது வேறு பொருள். அமெரிக்க அரசின் சர்வதேச வர்த்தக ஆணைக்குழு 1997இல் இதை ஏற்று இறக்குமதியைத் தடுத்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வாசிக்க முடியாத ஸ்டிக்கர் ஓர் இயந்திரத்தையே வேறு இயந்திரமாக்கிவிடும் என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. அந்தத் தீர்ப்பின் நன்மை குபோட்டாவுக்குத்தான் போனது என்பதையும் மறக்கக் கூடாது. புத்தகத்தை மொழிபெயர்த்துக் கொடுங்கள் என்று அங்கே யாரும் உத்தரவிடவில்லை.

எங்கள் ஊரின் பழைய உழவு இயந்திரங்களுக்கு இந்தத் தலைவலி இருக்கவில்லை. மசி பெர்குசன் 35, 135 போன்றவற்றின் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஒருவர் சுன்னாகத்திலும் இருப்பார், கொடிகாமத்திலும் இருப்பார். அதன் ஆங்கிலப் புத்தகம் பிரிட்டிஷ் வழியில் வந்து, போட்டோக்கொப்பிக்கு மேல் போட்டோக்கொப்பியாக ஊரில் சுற்றியது. வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு என்பதைப் பாட்டுப்போலச் சொல்வார்கள். லான்ட்மாஸ்டர் என்று நாங்கள் அழைக்கும் இரு சக்கர இயந்திரங்களிலும் சிக்கல் குறைவு. சீனத்து எஸ்195 எஞ்சினைப் பல தொழிற்சாலைகள் ஒரே அச்சில் வார்த்தன. ஒன்றின் புத்தகம் மற்றதற்கும் பொருந்தும். அதன் பெயரே பாதிப் புத்தகம்: ஒன்று என்பது சிலிண்டர் எண்ணிக்கை, 95 என்பது சிலிண்டரின் விட்டம் மில்லிமீற்றரில். குபோட்டா எஞ்சின்களிலும் முதல் எழுத்தைப் பார்த்தால் போதும்: இசட் என்றால் இரண்டு சிலிண்டர், டி என்றால் மூன்று, வி என்றால் நான்கு. சிக்கல் வருவது பின்னாளில் வந்த சிறு நான்கு சக்கர ரகங்களில். வகைகள் ஏராளம், ஒவ்வொரு வகையிலும் ஊருக்குள் இருப்பவை சில மட்டுமே. அதனால் அனுபவம் சேர்வதில்லை.

இனி எங்கள் பழக்கம். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. நாலு துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடவைத்த மோட்டார் சைக்கிள்கள், கடைசல் இயந்திரத்தில் கடைந்தெடுத்த பாகங்கள், பழைய டியூப்பில் வெட்டிய கஸ்கெட்டுகள். அந்தக் கைவண்ணம் உண்மையானது; நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு நிழல் உண்டு. 'புத்தகம் பார்த்துத் திருத்துபவன் மெக்கானிக்கா?' என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது என்பது என் அபிப்பிராயம். காதால் கேட்டுக் கையால் உணர்ந்து திருத்தும் திறமை பழைய, தாராளமான இயந்திரங்களுக்குப் பொருந்தியது. வேகமாகச் சுழலும் சின்ன எஞ்சின் அப்படி மன்னிப்பதில்லை. குபோட்டாவின் டி1105 போன்ற எஞ்சினில் வால்வு இடைவெளி 0.145இலிருந்து 0.185 மில்லிமீற்றர்வரைதான். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் விளையாட வேண்டிய வேலை அது. காது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதைச் சொல்லாது.

சுன்னாகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கராஜில், மேசை லாச்சிக்குள் ஒரு நாற்பது பக்கக் கொப்பி இருக்கிறது. மட்டையில் ஒயில் ஊறி எழுத்து மறைந்துவிட்டது. உள்ளே பக்கத்துக்கு ஓர் எஞ்சின். மூன்று நிற மைகளில் எண்கள். சில எண்களுக்கு முன்னால் கேள்விக்குறி. பிறகு சரி பார்த்ததும் அதை வெட்டியிருக்கிறார். அந்தப் பெரியவர் முப்பது வருடங்களில் சேர்த்த கைநூல் அது. ஒரு பக்கத்தில் சிலிண்டர் ஹெட் போல்ட்டுக்கு நேராக '7' என்று மட்டும் இருந்தது. 'ஏழு என்ன?' என்று கேட்டேன். கிலோகிராம் மீற்றர் என்றார். ஜப்பானியப் பழைய புத்தகங்களின் அலகு அது. புதிய புத்தகத்தில் அதே அளவு ஏறக்குறைய 68 நியூட்டன் மீற்றர் என்று இருக்கும். இறுக்கும் அளவைக் காட்டும் பிரிட்டிஷ் ரக ஸ்பானரில் அடி-இறாத்தல் கணக்கில் ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே. அலகு தெரியாத ஒரு பெடியன், இணையத்தில் பார்த்த 68ஐ அடி-இறாத்தல் ஸ்பானரில் வைத்து இறுக்கினால், போல்ட்டில் விழுவது 92 நியூட்டன் மீற்றர். அன்றைக்கு ஒன்றும் நடக்காது. போல்ட் இழுபட்டுப்போய், சில மாதங்கள் கழித்துக் கஸ்கெட் ஊதும்போது பழி கஸ்கெட்டில் விழும்.

கொப்பியைப் படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே லாச்சியை மூடினார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கொப்பிதான் அவருடைய ஓய்வூதியம். ஆனால் பெரிய நிறுவனம் செய்தால் ஏகபோகம் என்று சொல்லும் ஒன்றை, ஊர் மெக்கானிக் செய்தால் தொழில் இரகசியம் என்று சொல்கிறோம். கமக்காரர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் மூடிய லாச்சிதான்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? இலங்கையில் திருத்தும் உரிமைக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் சட்டம் ஏமாற்று விற்பனையையும் தரக்குறைவையும் பற்றிப் பேசுமே தவிர, கைநூலைக் கொடு என்று முகவரை நெருக்காது. மறுபக்கம், கைநூலை அப்படியே ஸ்கேன் செய்து பரப்புவது பதிப்புரிமைப் பிரச்சினை. இங்கேதான் பலர் தவறவிடும் ஒரு வாசல் இருக்கிறது. அதே 2003இல் வந்த 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, செயல்முறைகளுக்கும் இயக்கும் முறைகளுக்கும் வெறும் தரவுகளுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்கிறது. புத்தகத்தின் படமும் வசனமும் நிறுவனத்துடையவை. ஹெட் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற எண் யாருடையதும் அல்ல. அந்த எண்களைத் தமிழில், சொந்த வசனத்தில், அலகோடு எழுதிக் கமநல சேவை நிலையத்தின் சுவரில் ஒட்டினால் யாரும் வழக்குப் போட முடியாது என்றே நான் வாசிக்கிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஒரு வகுப்பு மாணவர்களுக்கு ஒரு தவணை வேலை.

எண்களுக்கு எங்கே போவது? உடன்பிறப்பைத் தேட வேண்டும். ஜப்பானிய நிறுவனங்கள் மேற்கத்தியப் பெயர்களிலும் சிறு உழவு இயந்திரங்கள் செய்து கொடுத்தன. 1970களின் இறுதியில் வந்த ஜோன் டியர் 850, 950 ஆகியவற்றைச் செய்தது யன்மார். போர்ட்டின் சிறு ரகங்களைச் செய்தது ஷிபௌரா. மசி பெர்குசனுக்கும் இசெக்கி செய்து கொடுத்தது. அந்தப் பெயர்களில் வந்த ஆங்கிலக் கைநூல்கள் கிடைக்கும். உங்கள் இயந்திரத்தின் எஞ்சின் இலக்கத்தை எடுத்து, அதே எஞ்சின் எந்த வெளிநாட்டு மாதிரியில் இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் பகுதி பெரும்பாலும் பொருந்தும். கியர்ப்பெட்டியையும் முன் அச்சையும் மட்டும் கண்ணை மூடி நம்பக் கூடாது; உள்நாட்டு மாதிரிகள் வேறுபடும் இடம் அதுதான். பம்ப் இலக்கத்தையும் தனியாக எழுதி வையுங்கள். இலக்கத்தட்டைப் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். இங்கே ரீகண்டிஷன்காரர்கள் முதலில் மூடுவது அதைத்தான்.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தெரியாதவர் கையில் கைநூல் ஆபத்து என்பார்கள். டீசல் நொசிலிலிருந்து சதுர சென்ரிமீற்றருக்கு 140 கிலோகிராம் அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். உள்ளங்கையை வைத்துச் 'சீறுகிறதா' என்று பார்க்கும் பழக்கம் விரலையே பறிக்கலாம். உண்மைதான். ஆனால் அப்படிக் கையை வைக்காதே என்று எழுதியிருப்பதும் அந்தக் கைநூலில்தான். புத்தகத்தை மறைத்து ஆபத்தைக் குறைக்கலாம் என்ற வாதம் என் மண்டைக்குள் ஏறுவதில்லை.

சித்தப்பாவின் பற்சில்லு கடைசியில் உடைத்து விற்கும் இடமொன்றில், இன்னொரு செத்த இயந்திரத்திலிருந்து கிடைத்தது. பூட்டுவதற்கு முன் டயர்களைச் சோதித்தோம். அதற்குக் கைநூல் வேண்டியதில்லை, சோக்குக்கட்டி போதும். முன் சில்லிலும் பின் சில்லிலும் ஒரு கோடு. மண் தரையில் முன் இயக்கத்தைத் துண்டித்துவிட்டு, பின் சில்லு பத்துச் சுற்றுச் சுற்றும்வரை முன் சில்லின் சுற்றை எண்ண வேண்டும். பிறகு முன் இயக்கத்தைப் போட்டு அதையே செய்ய வேண்டும். பற்கள் இல்லாத நிலையில் முதல் பாதியைத்தான் எங்களால் எண்ண முடிந்தது. இரண்டாம் பாதிக்கு மெக்கானிக் பழைய பற்சில்லின் பற்களை எண்ணிக் கணக்குப் போட்டார். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்பது வந்தது. பழைய அளவு டயரை மறுபடி தேடினோம். சாவகச்சேரியில் ஒரு சோடி கிடைத்தது.

இப்போது அந்த மஞ்சள் ஸ்டிக்கருக்குக் கீழே சித்தப்பா வெள்ளைப் பெயின்டில் தானே எழுதியிருக்கிறார்: 'ரோட்டில் ஏறமுன் இதைக் கழற்று'. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது மட்காட்டின் வளைவில் இறங்கிவிட்டது.